வீட்டுச் சர்வருக்கு ஒரு விலாசம்

வீட்டின் ஒரு மூலையில் சிறிய யந்திரம் ஒன்றை இரவு பகலாக ஓடவிட்டு, தம்முடைய புகைப்படங்களையும் ஏடுகளையும் ஒலிப்பதிவுகளையும் அதில் சேமித்து, எந்தத் தேசத்தில் இருந்தாலும் ஒரு பெயரைத் தட்டிய மாத்திரத்தில் அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் புதுக்கோட்டையைச் சேர்ந்த எங்கள் திருக்கோகர்ணத்திலும் இருக்கிறார்கள் என்று சொன்னால், சென்னையிலிருந்து வருகிற நண்பர்கள் புன்னகை செய்கிறார்கள். அந்தப் புன்னகைக்கு நியாயம் இல்லை என்பது என் அபிப்பிராயம். பிரகதாம்பாள் கோயிலுக்கும் அருங்காட்சியகத்துக்கும் பெயர்பெற்ற இதே ஊரில்தான், பழனியப்பா நகரில், பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதி அம்மையாரும் சொந்த முயற்சியாலேயே ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தமிழ் நூல்களைத் திரட்டி, ஞானாலயா என்ற நூலகத்தை உண்டாக்கினார்கள். பல்கலைக்கழகங்களில் கிடைக்காத முதற்பதிப்புகளைத் தேடிக்கொண்டு ஆராய்ச்சி மாணவர்கள் அங்கே வருகிறார்கள். சேகரித்ததைத் தன் கூரையின் கீழேயே வைத்துக்கொண்டு, கேட்டு வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிடும் வழக்கம் இந்த ஊருக்குப் புதியதன்று.

சென்னையில் ஒரு கம்பெனியின் சர்வர்களைப் பராமரிக்கும் உத்தியோகத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டு, ஓய்வாக ஊரில் உட்காரலாம் என்று வந்த என்னிடம் முதலில் வந்தவர் ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர். நார்த்தாமலை, கொடும்பாளூர், குடுமியான்மலை, சித்தன்னவாசல் என்று மாவட்டம் முழுவதும் சைக்கிளிலும் பிறகு மோட்டார் சைக்கிளிலும் சுற்றி, கல்வெட்டுகளையும் குடைவரைகளையும் படம்பிடித்து வைத்திருந்தவர். படங்களைக் கம்பெனிகளின் மேகச் சேமிப்பில் போடுவதற்கு மாதாமாதம் பணம் கட்ட அவருக்கு விருப்பம் இல்லை. பணத்தைவிடவும், தாம் கட்டத் தவறிய மாதத்தில் சேகரம் என்ன ஆகும் என்ற கவலைதான் அவருக்குப் பெரிது. அவர் மூலமாக ஒரு ஸ்டுடியோக்காரர் வந்தார். ஸ்டுடியோக்காரர் மூலமாக நாதஸ்வர ஒலிப்பதிவுகளைச் சேர்க்கும் ஒரு ரசிகர் வந்தார். தொழில் தானாக வளர்ந்தது.

யந்திரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. திரை உடைந்த பழைய லேப்டாப் ஒன்று, அதில் டெபியன் லினக்ஸ், பெரிய ஹார்டு டிஸ்க் இரண்டு, ரூட்டரோடு சேர்த்து இன்வெர்ட்டரில் ஓர் இணைப்பு, இவ்வளவு போதும். விலாசம் கொடுப்பதில்தான் இத்தொழிலின் நுட்பமும், சிரமமும், சுவாரஸ்யமும் அடங்கியிருக்கின்றன.

இணையத்தில் யந்திரங்கள் ஒன்றை ஒன்று எண்களால்தான் அறிகின்றன. எண்களை மனிதர் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது என்பதனால், ஆதிகாலத்தில், அதாவது அமெரிக்காவின் அர்ப்பாநெட் காலத்தில், எந்தப் பெயருக்கு எந்த எண் என்பதை ஒரே கோப்பில் எழுதி வைத்திருந்தார்கள். கலிபோர்னியாவில் எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் குழு அதைப் பராமரிக்க, மற்ற நிலையங்கள் அவ்வப்போது பிரதி எடுத்துக்கொண்டன. யந்திரங்கள் பெருகப் பெருக, அந்த ஒற்றைக் கோப்பு பாரம் தாங்காமல் போயிற்று. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் வகுத்து, 1987இல் திருத்தமாக எழுதி வெளியிட்ட டி.என்.எஸ். என்ற முறைதான், இத்தனை மாறுதல்களுக்குப் பிறகும், இன்று நாம் உபயோகிப்பது. ஒரே பட்டியலை ஒருவர் வைத்துக்கொள்வதற்குப் பதிலாக, ஒவ்வொருவரும் தத்தம் பகுதியின் பட்டியலை வைத்துக்கொண்டு, மேலே இருப்பவர் கீழே இருப்பவரைக் கைகாட்டிவிடுவது என்பதே அதன் சாரம்.

வருகிறவர்களுக்கு இதை விளக்க எங்கள் புதுக்கோட்டை நகரமே எனக்கு உதவுகிறது. பழைய அரண்மனையை நடுவில் வைத்து, நாற்புறமும் ராஜ வீதி, 2ஆம் வீதி, 3ஆம் வீதி, 4ஆம் வீதி என்று ஒழுங்காக அமைந்த நகரம் அது. 'கதவு எண் இன்னது, தெற்கு 3ஆம் வீதி, புதுக்கோட்டை, தமிழ்நாடு' என்று உறையில் எழுதினால், தபால் இலாகா அதைக் கடைசி வரியிலிருந்துதான் படிக்கிறது. மாநிலம், பிறகு ஊர், பிறகு வீதி, முடிவில் வீடு. டொமைன் பெயரும் அப்படியே. 'படங்கள்' என்ற யந்திரம், வாத்தியாரின் பெயர், அதன்பின் '.இன்' என்று எழுதியிருந்தால், தேடுகிற கணினி முதலில் உலகின் மூல சர்வர்களில் ஒன்றைக் கேட்கும். அவை 13 பெயர்களால் அறியப்பட்டாலும் ஒவ்வொன்றுக்கும் பல தேசங்களில் பிரதிகள் இருக்கின்றன, சென்னையிலும் உண்டு. மூல சர்வர் '.இன்' எங்கே என்று காட்டும், '.இன்' சர்வர் வாத்தியாரின் பட்டியல் எங்கே என்று காட்டும். அந்தப் பட்டியல்தான் எண்ணைச் சொல்லும். கண் இமைப்பதற்குள் இத்தனையும் நடந்துவிடுகின்றன.

ஆகவே முதல் காரியம் பெயர் வாங்குவது. இந்திய இணையப் பரிமாற்ற நிலையமான நிக்ஸியின் நிர்வாகத்தில் உள்ள '.இன்' பெயர்கள் 2005ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து எல்லோருக்கும் தாராளமாகக் கிடைக்கின்றன; ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான். முதல் ஆண்டுக்கு மட்டும் மிகக் குறைந்த விலையைக் கொட்டை எழுத்தில் போட்டு, இரண்டாம் ஆண்டின் விலையைச் சிறிய எழுத்தில் போடுகிற விளம்பரங்களைப் பார்த்து மயங்காமல், புதுப்பிக்கும் விலை என்ன என்றே முதலில் விசாரிக்க வேண்டும். பெயரைத் தேர்ந்தெடுப்பதில் நான் ஒரு பரீட்சை வைக்கிறேன்: அந்தப் பெயரைத் தொலைபேசியில் ஒருவருக்கு ஒருமுறை சொல்லி, அவர் எழுதியதைத் திருப்பி வாசிக்கச் சொல்வது. திருக்கோகர்ணம் என்பதை ரோமன் எழுத்தில் நான்கு பேர் நான்கு விதமாக எழுதுகிறார்கள் என்பதனால், ஊர்ப்பெயர் மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும் அதை டொமைனில் சேர்க்க வேண்டாம் என்றே வாத்தியாரிடம் சொன்னேன்.

"தமிழிலேயே வைத்துவிட்டால் இந்த வம்பு இல்லையே" என்றார் அவர். நியாயமான கேள்வி. தமிழில் டொமைன் பெயர் என்பது நேற்று முளைத்த ஆசையும் அன்று, சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியும் டான் டின் வீயும் 1997இல் கூட்டிய தமிழ்நெட் மாநாட்டை அடுத்து, அங்கே தேசியப் பல்கலைக்கழகத்தில் பிற எழுத்துகளில் டொமைன் பெயரமைக்கும் சோதனைகள் நடந்தபோது தமிழும் அவற்றில் இடம்பெற்றது. பின்னர் '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' ஆகிய மூன்றும் தமிழ் எழுத்திலேயே மூல சர்வர்களில் ஏறின. உள்ளே, டி.என்.எஸ். பழைய ரோமன் எழுத்துகளையே நம்பியிருப்பதால், தமிழ்ப்பெயர் 'பியூனிகோடு' என்ற முறைப்படி, வாயில் நுழையாத ஓர் ஆங்கில எழுத்துச் சரமாக மாற்றப்பட்டுப் பயணம் செய்கிறது. உலாவியில் அழகாகத் திறக்கும். ஆனால் எத்தனையோ விண்ணப்பப் படிவங்களும் செயலிகளும் அதை இன்றும் விலாசமாக ஏற்பதில்லை. இரண்டையும் வாங்கி, இரண்டையும் ஒரே யந்திரத்துக்குத் திருப்பிவிட்டோம். சிக்கனக்காரரான வாத்தியார் அந்த இரண்டாவது செலவுக்கு முணுமுணுக்கவே இல்லை.

பெயர் வாங்குவதில் நான் பிடிவாதம் பிடிக்கும் விஷயம் ஒன்று உண்டு. பெயரின் சொந்தக்காரராகப் பதிவாகிறவர் அதை உபயோகிக்கிறவராகவே இருக்க வேண்டும்; அவருடைய மின்னஞ்சல், அவருடைய கைபேசி எண், அவருடைய கடவுச்சொல். என்னிடம் வந்த வியாபாரி ஒருவருக்கு முன்பு வலைத்தளம் செய்துகொடுத்தவர், 'எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணே' என்று தம் கணக்கிலேயே பெயரை வாங்கியிருந்தார். அவர் தொழிலை விட்டு வேறு ஊருக்குப் போய்விட, பெயர் காலாவதியாகி, எவரோ ஓர் அந்நியர் கைக்குப் போயிற்று. வியாபாரியின் கடைப் பலகையிலும் பில் புத்தகத்திலும் பையிலும் அச்சாகியிருந்த பெயர், இப்போது சூதாட்ட விளம்பரத்துக்குப் போகிறது. இதைக் கண்ட பிறகு, வயதானவர்களானாலும் அவர்களையே பக்கத்தில் உட்காரவைத்து, அவர்கள் விரலாலேயே பதிவு செய்யச் சொல்கிறேன். நேரம் ஆகிறது, ஆகட்டும்.

அடுத்தது எண். இங்கேதான் வீட்டுச் சர்வர்க்காரர்கள் பெரும்பாலோர் திகைத்து நின்றுவிடுகிறார்கள். இணையத்தின் நான்காம் பதிப்பு எண்கள் மொத்தமே சுமார் 429 கோடி. அவற்றின் உலகப் பொது இருப்பு 2011 பிப்ரவரி 3ஆம் தேதி தீர்ந்துபோயிற்று. எனவே இணைப்புக் கொடுக்கும் கம்பெனிகள் ஒரே பொது எண்ணுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒளித்து வைக்கின்றன. அதற்கென்றே 2012இல் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்கள் தனியாக ஒதுக்கப்பட்டன. ரூட்டருக்குள் போய், வெளிப்புற ஐ.பி. என்ற இடத்தில் இந்த வரிசையில் ஓர் எண்ணைக் கண்டால், வெளியிலிருந்து எவரும் அந்த வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. என்ன பெயர் வைத்தும் பயன் இல்லை. ரூட்டரிலே வழி திறந்துவிட்டு, ஏன் வரவில்லை என்று இரவெல்லாம் கண்விழிக்கிற இளைஞர்களுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த எண்ணைத்தான்.

வாத்தியார் வீட்டிலும் அதே கதைதான். இணைப்பு கொடுத்த தம்பியைக் கூப்பிட்டுப் பொது ஐ.பி. வேண்டும் என்றேன். "நெட்டு நல்லாத்தானே சார் ஓடுது, ஐ.பி. எதுக்கு?" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனிடம் படமும் பாட்டும் கேட்டு வந்தவர்களே தவிர, வீட்டிலிருந்து ஒன்றைக் கொடுக்கிறேன் என்று சொன்னவர் அதுவரையில் எவரும் இல்லை. கம்பெனியில் விசாரித்ததில், நிலையான எண்ணுக்கு மாதம் தனிக் கட்டணம் என்றார்கள். கட்டணத்துக்கு மனம் வராதவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஆறாம் பதிப்பு எண்கள் இப்போது அநேக இணைப்புகளில் தாமாகவே வருகின்றன; அவற்றுக்குப் பஞ்சமே கிடையாது; ரூட்டரின் தடுப்பில் வழிவிட்டால் போதும். இந்தியாவின் கைபேசிகளில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்துவிடும். ஆனால் பழைய ஆபீஸ் இணைப்புகள் சில இன்னும் வர மாட்டா. மற்றொரு வழி, பம்பாயிலோ பெங்களூரிலோ ஒரு சிறிய சர்வரை வாடகைக்கு எடுத்து, வீட்டு யந்திரத்திலிருந்து அதற்கு வயர்கார்டு என்ற மென்பொருளால் ஒரு சுரங்கவழி அமைப்பது. உள்ளிருந்து வெளியே போகும் இத்தகைய பாதையைக் கம்பெனிகள் பொதுவாக அடைப்பதில்லை என்பதனால் இது அநேகமாக எங்கும் பலிக்கிறது. வாத்தியாருக்கு நிலையான எண்ணையே வாங்கினோம். நாதஸ்வர ரசிகருக்குச் சுரங்கவழி.

ஸ்டுடியோக்காரருக்கு அமைந்தது வேறொரு விதம்: பொது எண்தான், ஆனால் மின்சாரம் போய் ரூட்டர் மறுபடி எழும்போதெல்லாம் எண் மாறிவிடும். அதற்கு, சில நிமிஷங்களுக்கு ஒருமுறை தன் எண்ணைத் தானே சோதித்து, மாறியிருந்தால் டி.என்.எஸ். பட்டியலில் திருத்திவிடுகிற சின்னஞ்சிறு நிரல் ஒன்று போதும். இத்தகைய தானியங்கித் திருத்தத்துக்கு 1997இலேயே நெறி வகுத்துவிட்டார்கள்.

பட்டியல் எழுதுவது, எண் கிடைத்த பிறகு, பத்து நிமிஷ வேலை. நான்காம் பதிப்பு எண்ணுக்கு 'ஏ' என்ற வரி. ஆறாம் பதிப்புக்கு நான்கு 'ஏ' கொண்ட வரி. ஒரு பெயரை மற்றொரு பெயருக்குத் திருப்புவதற்கு 'சி-நேம்'. ஆனால் ஒவ்வொரு வரியோடும் டி.டி.எல். என்று ஓர் எண்ணிக்கை இருக்கிறதே, அதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஒரு பதிலை எத்தனை விநாடி ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்வது அது. 86400 என்றால் ஒரு நாள், 300 என்றால் ஐந்து நிமிஷம். டி.என்.எஸ். மாறுதல் 'உலகம் முழுவதும் பரவ ஒரு நாள் ஆகும்' என்று இத்துறையில் பலரும் சொல்லிக்கொள்கிறார்கள். எதுவும் எங்கும் பரவுவதில்லை. நாம் திருத்தியது அந்தக் கணமே நம் பட்டியலில் இருக்கிறது. முன்பே கேட்டுவிட்டுப் போனவர்கள் பழைய பதிலை மறப்பதற்குத்தான் காலம் வேண்டும். எனவே எண்ணை மாற்றப்போகிறோம் என்று தெரிந்தால், முந்தின நாளே டி.டி.எல்.லை 300ஆகக் குறைத்துவிட்டு மறுநாள் மாற்றுகிறவன் தொழில் தெரிந்தவன்.

இன்னொரு சூட்சுமம்: இல்லை என்ற பதிலும் ஞாபகத்தில் வைக்கப்படும். பெயரைப் பட்டியலில் எழுதுவதற்கு முன்பே ஆவலால் உலாவியில் அதைத் தட்டிப் பார்த்தவருக்கு, பிறகு எழுதினாலும், சற்று நேரம் 'அப்படி ஒருவர் இல்லை' என்றே பதில் வரும். ஸ்டுடியோக்காரர் இப்படித்தான், நான் எழுதி முடிக்கும் முன்பே தம் கைபேசியில் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, என் கைபேசியில் திறக்கிறது, தம்முடையதில் திறக்கவில்லை என்று சந்தேகக் கண்ணோடு என்னைப் பார்த்தார். ஒரு காபி சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று அழைத்துக்கொண்டு போனேன், திரும்பியபோது திறந்தது.

வாத்தியார் வீட்டில் இதைவிட வேடிக்கை. அவருடைய மகன் சிங்கப்பூரில் இருந்து, குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டுப் படம் திறந்துவிட்டது என்று சந்தோஷமாகப் பேசினான். வாத்தியார் தம் வீட்டுக் கூடத்தில், சர்வருக்குப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து அதே பெயரைத் தட்டினார், ஒன்றும் வரவில்லை. "சிங்கப்பூர்ல தெரியுது, எங்க வீட்டுல தெரியலையேப்பா!" என்றார். வீட்டுக்குள்ளிருந்து தன் வெளி எண்ணையே நாடிப் போகிற கேள்வியை மறுபடி உள்ளே திருப்பிவிட அநேக ரூட்டர்களுக்குத் தெரியாது. வீட்டுக்குள்ளே ஒரு சிறிய டி.என்.எஸ். வைத்து, வீட்டாருக்கு மட்டும் 192.168 என்று தொடங்கும் உள் எண்ணைச் சொல்லச் செய்வது இதற்குப் பரிகாரம். ஒரே பெயர், கேட்கிறவர் உள்ளே இருப்பவரா வெளியே இருப்பவரா என்பதைப் பொறுத்து இரண்டு பதில்கள். செய்து முடித்த பிறகு அவர் வெகு நேரம் தம் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதுகாப்புச் சான்றிதழைப் பற்றி இரண்டு வார்த்தை. முன்பெல்லாம் காசு கொடுத்து வாங்கவேண்டியிருந்த அதை, 2015 டிசம்பரில் தொடங்கி 'லெட்ஸ் என்கிரிப்ட்' இலவசமாக வழங்கி வருகிறது. பட்டியலில் அவர்கள் சொல்லும் ஒரு சொல்லை 'டெக்ஸ்ட்' வரியாக எழுதிக் காட்டினால், பெயர் நம்முடையது என்பதற்கு அதுவே அத்தாட்சி. வீட்டுக் கதவைத் திறந்து காட்டவும் வேண்டியதில்லை. ஆனால் வழங்கப்படும் சான்றிதழ்களெல்லாம் எவரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடுகளில் ஏறுகின்றன. 'பேங்க்', 'கேமரா' என்றெல்லாம் யந்திரத்துக்குப் பெயரிட்டுச் சான்றிதழ் வாங்கினால், வீட்டில் என்ன இருக்கிறது என்று தண்டோரா போட்டதாகும். பெயர் திறந்த சிறிது நேரத்திலேயே, பூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற அந்நிய யந்திரங்கள் வந்து சேரும். கேமராவையும் குடும்பக் கணக்கையும் பொதுப் பெயரின் கீழ் வைக்க நான் எவருக்கும் சம்மதித்ததில்லை.

வீட்டிலேயே மின்னஞ்சல் சர்வரும் வைக்கலாமே என்று ஆசைப்படுகிறவர்களை நான் தடுத்துவிடுகிறேன். வீட்டு இணைப்புகளில், சர்வர்கள் தமக்குள் மின்னஞ்சலைக் கைமாற்றும் 25ஆம் வாசல் (போர்ட்) பெரும்பாலும் அடைக்கப்பட்டிருக்கும். எண்ணிலிருந்து பெயரைக் காட்டும் தலைகீழ்ப் பட்டியல் இணைப்புக் கொடுக்கும் கம்பெனியின் கையில் இருக்கிறது, நம் கையில் இல்லை. அனுப்பிய கடிதம் குப்பைக்குப் போயிற்றா என்றுகூடத் தெரியாது. பெயர் நம்முடையதாக இருக்க, 'எம்.எக்ஸ்.' வரியில் ஒரு நல்ல மின்னஞ்சல் நிறுவனத்தைக் கைகாட்டிவிடுவதே விவேகம்.

அதேபோல, பெயர்ப்பட்டியலைச் சொல்லும் டி.என்.எஸ். சர்வரையும் வீட்டில் வைக்கக் கூடாது. பட்டியல் சொல்லும் சர்வர்கள் ஒன்றுக்கு மேற்பட்டவையாக, வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டும் என்று நெறி இருக்கிறது. அதன் அர்த்தம் எனக்கு முழுமையாக விளங்கியது 2018 நவம்பரில். 16ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், எங்கள் மாவட்டத்தின் தென்னையையும் பலாவையும் மின்கம்பங்களையும் சாய்த்துவிட்டுப் போயிற்று. மின்சாரம் நாட்கணக்கில் இல்லை. இன்வெர்ட்டர் அன்று காலையிலேயே ஓய்ந்துவிட்டது. ஒரு காரியமாகத் திருச்சிக்குப் போன நான், அங்கே கைபேசி உயிர்பெற்றதும், வாத்தியாரின் பட்டியலைத் திறந்து, வீட்டு எண்ணுக்குப் பதிலாக, அவர் சேகரத்தின் பிரதி ஒன்று இருந்த, பம்பாயிலுள்ள ஒரு வாடகைச் சர்வரின் எண்ணை எழுதினேன். டி.டி.எல். 300, ஐந்து நிமிஷத்தில் சிங்கப்பூரில் படங்கள் மறுபடி திறந்தன. ஊரில் விளக்கு எரிய ஆரம்பித்த பிறகு, பழைய எண்ணையே திரும்ப எழுதினோம். பட்டியலும் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்திருந்தால், திருச்சியில் நின்றுகொண்டு நான் என்ன செய்திருக்க முடியும்?

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வீட்டுச் சர்வர் வைக்கத் துணிகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. '.காம்' போன்ற பெயர்கள் காலாவதியாகி நீக்கப்பட்ட பிறகு, பழைய சொந்தக்காரர் அதிக அபராதம் கட்டி மீட்க 30 நாள் தவணை உண்டு. அதன்பின் 5 நாளில் பெயர் எவருக்கும் கிடைக்கும்படி விடப்படும். இறந்துபோனவர்களின் பெயர்கள் இப்படித்தான் கைமாறுகின்றன, ஏனென்றால் நினைவூட்டும் கடிதங்கள் எல்லாம் அவர்களுடைய மின்னஞ்சலுக்கே போகின்றன. பெயரைப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துப் புதுப்பித்துவிடுங்கள்; எந்த நிறுவனத்தில் பதிந்திருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது, கடவுச்சொல் எங்கே இருக்கிறது என்ற மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வைத்து, வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள்.